எத்தனை மணிக்கு எழும்பாமல் கிடக்கிறது?

சென்ற வாரம் அடியோடு செத்துப்போன கணினியைப் பார்த்தோம். அது சுலபம். எந்த நேரம் அமத்தினாலும் எழும்பாது. ஆகவே எந்த நேரம் சோதித்தாலும் பிழை கையில் அகப்படும். தொல்லை தருவது மற்ற வகை. இன்று எழும்பும், நாளை எழும்பாது, நாலாம் தரம் அமத்தினால் ஒன்றும் நடக்காததுபோலத் திரை வெளிச்சமாகும்.

மயிலிட்டித் துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள ஒரு வீட்டிலிருந்து அப்படி ஒன்று வந்தது. உயர்தரம் படிக்கும் பையனுடையது. "அண்ணை, விடிய பலதரம் அமத்தினாத்தான் ஒருக்கா எழும்புது. கடைக்குக் கொண்டுபோனா ஒரு பிழையும் இல்லையெண்டு திருப்பித் தந்திட்டினம்" என்றான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளில் வெயிலுக்குள்ளால் போன பெட்டி, கடை மேசையில் ஏறுமுன்பே சூடாகி உலர்ந்திருக்கும். பிழை வீட்டிலேயே நின்றுவிட்டது.

இந்த இடத்தில் பலரும் சாமான் மாற்றத் தொடங்குவார்கள். றாமை மாற்று, பவர் சப்ளையை மாற்று, ஹார்ட் டிஸ்க்கை மாற்று. தற்செயலாக எழும்பிவிட்டால் கடைசியாக மாற்றியதன் தலையில் பழி விழும். தானாக வந்து தானாகப் போகும் பிழையிடம் அந்தக் கணக்கு எடுபடாது. நான் முதலில் கேட்பது நேரத்தைத்தான். ஒரு கொப்பியில் இரண்டு கிழமைக்கு எழுதி வையுங்கள்: எத்தனை மணி, மழையா வெயிலா, விசிறி சுழன்றதா, பீப் சத்தம் வந்ததா.

பின்னேரம் ஆறரைக்குப் பிறகு மட்டும் மக்கர் பண்ணினால், பெட்டியைத் திறக்காமல் சுவரில் உள்ள பிளக்கைப் பாருங்கள். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை இலங்கையில் மின்பாவனை உச்சம். 230 வோல்ற் என்பது 6 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம்; அதாவது 216 வரை இறங்கினாலும் கணக்குச் சரி. லைனின் கடைசியில் உள்ள வீடுகளில் அதற்கும் கீழே போவதுண்டு. பவர் சப்ளை தன் 12, 5, 3.3 வோல்றுகளை நிலைப்படுத்திய பிறகு, 100 முதல் 500 மில்லிசெக்கனுக்குள் 'எல்லாம் சரி' என்றொரு சைகையை மதர்போர்டுக்குக் கொடுக்கும். வோல்ற் போதாமல் அந்தச் சைகை வராவிட்டால் புரொசெசர் வேலையைத் தொடங்காது. ஒரு மல்ரிமீற்றர் இருந்தால் இந்தச் சந்தேகம் ஒரே பின்னேரத்தில் தீரும்.

விடியற்காலையில் மட்டும் என்றால் சந்தேகநபர்கள் இருவர்.

ஒருவர் உப்பு. மயிலிட்டி வடக்குப் பார்த்த கரை. வாடைக் காற்று கடலிலிருந்து நேரே வீட்டுக்குள் வருகிறது. சோளகம் அடிக்கும் மாதங்களில் உட்பக்கத்துச் செம்பாட்டுத் தூசி வருகிறது. இரண்டும் விசிறி வழியே பெட்டிக்குள் போய்ப் படியும். காற்றின் ஈரப்பதன் 75 சதவீத அளவைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கசியும். இரவில் கசிந்து, வெயில் ஏறக் காய்ந்துவிடும். விசிறி சுழன்றும் திரை கறுப்பாகவே இருந்து, பீப் சத்தமும் கேட்டால் முதலில் றாமைக் கழற்றுங்கள். அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெல்லத் தேய்ப்பது பழைய வழி. தூளைத் தட்டிவிட மறக்கக்கூடாது. சுத்த அல்கஹோல் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், உப்பைக் கரைக்காது. நீர் கலந்த 70 சதவீத ஐசோபுரோபைல்தான் இங்கே உதவும். துடைத்த பின் நன்றாகக் காயவிட வேண்டும்.

மற்றவர் கப்பாசிற்றர். பவர் சப்ளைக்குள் இருக்கும் எலக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றரில் உள்ள திரவம் வருடக் கணக்கில் வற்றும், உள்தடை கூடும். குளிர்ந்திருக்கும்போது அந்தத் தடை இன்னும் கூட. ஒவ்வொரு தரம் அமத்தும்போதும் அது கொஞ்சம் சூடேறும், தடை குறையும், கடைசியில் ஒருமுறை எழும்பும். பலதரம் அமத்தினால் எழும்புவதன் இரகசியம் பெரும்பாலும் இதுதான். 1990 ஜூனில் போரால் இடம்பெயர்ந்த மயிலிட்டியின் ஒரு பகுதி, துறைமுகத்தோடு 2017 ஜூலையில்தான் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டது. 27 வருடத்துக்குப் பின் திரும்பி, கல் அடுக்கி வீடு கட்டியவர்கள் புதுக் கணினிக்கு எங்கே போவார்கள்? பையனின் பெட்டியும் கைமாறி வந்த பழையதுதான்.

இருவரில் யார் என்று கண்டுபிடிக்க ஒரு சதமும் செலவில்லை. ஓர் இரவு பிளக் சுவிச்சைப் போட்டபடியே விடுங்கள். மறு இரவு நிறுத்துங்கள். சுவிச் போட்டிருந்தால் காத்திருப்புக்கான 5 வோல்ற் ஓடிக்கொண்டே இருக்கும், சப்ளை முற்றாகக் குளிராது. நிறுத்திய இரவுக்குப் பிறகு மட்டும் முரண்டு பிடித்தால் குற்றவாளி சப்ளை. மின்னலுக்குப் பயந்து பையனின் தாய் ஒவ்வொரு இரவும் சுவிச்சை நிறுத்தி வந்திருக்கிறார். நிறுத்தாமல் விட்ட இரவுகளுக்குப் பிறகு, காலையில் முதல் அமத்திலேயே எழும்பியது. மற்ற நாட்களில் விசிறி ஒருமுறை துடித்து நின்றுவிடும் என்று கொப்பியிலும் எழுதியிருந்தான்.

சப்ளையைத் திறந்து கப்பாசிற்றர் மாற்றப் போக வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்றுக்கு மேல் தேங்கி நிற்கலாம். புதிதாக வாங்குங்கள். இன்னொரு பழைய பெட்டியிலிருந்து கழற்றிய சப்ளை மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் அதற்குள் இருப்பதும் அதே வயதுக் கப்பாசிற்றர். பையன் புதுசு போட்டுக்கொண்டான். றாமையும் துடைத்துவிட்டேன், வாடை வரப்போகிறதே.

அடுத்த வாரம்: கரண்ட் போனதும் கூடவே படுத்துவிடும் யூபிஎஸ்.