குளிர்காலத்துச் சேக்காளிகள்

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரை ஒட்டி வைத்தம் என்றொரு பழைய காடு இருக்கிறது. 1947-இல் டேவிட் லாக் என்ற பறவையியலாளர் அங்கே மரங்களில் கூட்டுப்பெட்டிகளை மாட்டி, பட்டாணிக்குருவிகளின் வாழ்க்கையைக் குறித்துவைக்கத் தொடங்கினார். அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது; ஆய்வு நிற்கவில்லை. இன்று அந்தக் காட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. எந்தக் குருவிக்கு எது தாய், எந்தப் பெட்டியில் பொரித்தது, எந்த ஆண்டு யாரோடு கூடு கட்டியது என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கு இருக்கிறது.

இந்தக் குருவிக்குக் கருந்தலை, வெள்ளைக் கன்னம், மஞ்சள் வயிறு, அதன் நடுவே ஓடும் கறுப்புக் கோடு. எடை ஏறத்தாழ 18 கிராம். இத்தனை சிறிய உடம்புக்கு டிசம்பர் மாதம் உயிர்ச் சோதனை. பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. அதற்குள் தின்று சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் 16 மணி நேர இரவைத் தாண்ட வேண்டும். இலையுதிர்ந்த காட்டில் புழுக்கள் இல்லை. கீழே விழுந்த கொட்டைகளைக் கிளற வேண்டும். குனிந்து கொத்தும் நேரத்தில் வல்லூறு வந்துவிட்டால் முடிந்தது கதை. அதனால் குளிர் தொடங்கியதும் குருவிகள் கூட்டம் சேர்கின்றன. ஒன்று இரையைக் கண்டால் மற்றவற்றுக்கும் தெரிகிறது. ஒன்று எச்சரித்தால் எல்லாம் பறந்து தப்புகின்றன.

கூட்டத்துக்குள் யார் யாரோடு சேர்கிறார்கள் என்பது வெகுகாலம் பிடிபடாமலே இருந்தது. கண்ணால் பார்த்து ஆயிரம் குருவிகளை அடையாளம் காண முடியுமா? கால் வளையத்தில் பொருத்தும் நுண்சில்லு வந்த பிறகு அது முடிந்தது. காடு முழுவதும் 65 இடங்களில் சூரியகாந்தி விதை நிரப்பிய தீனிக்கூண்டுகளைத் தொங்கவிட்டார்கள். குளிர்கால வார இறுதிகளில் மட்டும் அவை திறக்கும். குருவி வந்து உட்கார்ந்ததும், அது எந்தக் குருவி, வந்தது எந்த நொடி என்பதைக் கருவி பதிந்துவிடும். மாதக்கணக்கில் சேர்ந்த பதிவுகளைக் கோத்துப் பார்த்தபோது உறவுகளின் வலை துலங்கியது. சில குருவிகள் வாரம் தவறாமல் ஒன்றாகவே வந்தன.

இது நட்புதானா, அல்லது இரை இருக்கும் இடத்தில் தற்செயலாகக் கூடுகிறார்களா? இந்தக் காட்டில் ஆய்வு செய்த ஜோஷ் ஃபர்த்தும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதித்த விதம் மிக அழகானது. தீனிக்கூண்டுகளின் கதவுகளை, சில கூண்டுகள் நுண்சில்லில் ஒற்றைப்படை எண் கொண்ட குருவிகளுக்கும் மற்றவை இரட்டைப்படை எண் கொண்டவற்றுக்கும் மட்டுமே திறக்கும்படி அமைத்தார்கள். சில ஜோடிகளில் ஆணுக்குத் திறக்கும் கூண்டு பெண்ணுக்குத் திறக்காது. வயிற்றுக்காகத்தான் சேர்ந்திருக்கின்றன என்றால் ஜோடி பிரிந்திருக்க வேண்டும். பிரியவில்லை. தமக்குத் திறக்காத கூண்டின் அருகே, துணை தின்று முடிக்கும்வரை காத்திருந்தன. துணையின் கூட்டத்தோடும் பழகத் தொடங்கின. இன்னொன்றும் கற்றுக்கொண்டன: ஒரு குருவிக்குத் திறந்த கதவு மூடிக்கொள்ள 2 நொடி ஆகும், அந்த 2 நொடிக்குள் பாய்ந்து ஒரு விதையைக் கவ்வலாம். பசிக்கும் குளிரில் இரையை விட்டுக்கொடுத்துத் துணையோடு நிற்கும் உயிரைப் பற்றிப் பேசும்போது, நட்பு என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

வசந்தம் வந்ததும் எல்லாம் மாறுகிறது. கூட்டம் கலைகிறது. ஒவ்வொரு ஜோடியும் தனக்கென ஓர் எல்லை வகுத்துக்கொள்ள, நேற்றுவரை தோளோடு தோள் நின்ற ஆண் குருவிகள் எல்லைக்காகப் பாடிப் பாடி மல்லுக்கட்டுகின்றன. குளிர்காலத்துச் சேக்காளித்தனம் இதோடு அற்றுப்போகும் என்றுதானே நினைப்போம்? ஃபர்த்தும் சக ஆய்வாளர் பென் ஷெல்டனும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தந்தது. குளிரில் நெருங்கிப் பழகிய குருவிகள் வசந்தத்தில் பக்கத்துப் பக்கத்து எல்லைகளில் கூடு கட்டியிருந்தன. முன்பே பழகியவரே அண்டை வீட்டாராக அமையும்படி இடம் பிடித்திருந்தன.

அண்டை வீட்டாரை அறிந்திருப்பது மே மாதத்தில் கைகொடுக்கிறது. ஓக் மரத்தில் புழுக்கள் பெருகும் அந்தச் சில வாரங்களில் பெற்றோர் குருவிகள் நாளுக்கு நூற்றுக்கணக்கான புழுக்களைச் சுமந்துவந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. அந்த நேரத்தில் குஞ்சுகளைக் குறிவைத்து மரங்கொத்தி வரும். கூட்டின் அருகே ஆபத்து என்று ஒரு ஜோடி கத்தும்போது, முந்தைய ஆண்டும் அண்டையில் இருந்த குருவிகள் புதிதாக வந்தவற்றைவிட அதிகமாக உதவிக்குப் பறந்து வருகின்றன என்பதும் இதே காட்டில் கண்டறியப்பட்டதுதான். ஜோடிகளுக்கும் இதே விதி. குளிர்காலத்தின் தொடக்கத்திலேயே சந்தித்துக்கொண்ட ஆணும் பெண்ணும், பிந்திச் சந்தித்தவர்களைவிட முன்னதாக முட்டையிட்டு அதிகக் குஞ்சுகளைப் பறக்கவைத்தன.

சேக்காளி செத்துப்போனால்? பட்டாணிக்குருவியின் ஆயுள் குறைவு. இழப்பு அடிக்கடி நேர்வது. கூட்டத்திலிருந்து சில குருவிகளைத் தற்காலிகமாக விலக்கிப் பார்த்தபோது, எஞ்சியவை ஒதுங்கிப்போகவில்லை. இருக்கும் மற்றவர்களோடு உறவை இறுக்கிக்கொண்டன. இந்தக் கண்டுபிடிப்பைப் படித்த அன்று எனக்கு மனம் நிறைந்துபோனது.

வைத்தம் காட்டுக் குருவியின் நெருங்கிய உறவினர் நம்மிடமும் உண்டு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும், மஞ்சள் வயிறு இல்லாமல் சாம்பல் முதுகோடு திரியும் பட்டாணிக்குருவியைப் பார்க்கலாம். இனப்பெருக்கம் முடிந்த மாதங்களில் அது வேறு இனப் பறவைகளோடும் கலந்து கூட்டமாக இரை தேடுகிறது. மலையூர்ப் பள்ளி ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: வாரம் ஒரு நாள், அதே மரத்தடி, அதே நேரம், பிள்ளைகளோடு நின்று எந்தப் பறவை எந்தப் பறவையோடு வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மழை, பனி, வெயில் என்று பருவம் மாறினாலும் எழுதுவதை நிறுத்தாதீர்கள்.