ஒரு மில்லி சாட்சி

விருதுநகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு யுவியைடிஸ் (கண்ணுக்குள் அழற்சி) என்று எட்டு மாதமாகச் சொட்டு மருந்து, மாத்திரை. குறைகிறது, திரும்ப வருகிறது. இப்போது ஆபரேஷன் செய்தால்தான் காரணம் தெரியும் என்கிறார்கள். நோயைக் கண்டுபிடிக்கவே ஆபரேஷனா?"

ஆமாம். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் கைவிரித்த பிறகு தட்டுகிற கதவு அது. விழிக்குள் இளநுங்கு மாதிரி சுமார் 4 மில்லி கூழ் இருக்கிறது; விட்ரியஸ் என்பார்கள். உள்ளே புகுந்தது ஹெர்ப்பிஸ் வைரஸோ பூஞ்சையோ, தடயம் பெரும்பாலும் அதில்தான் கிடக்கும். அந்தக் கூழை எடுப்பதுதான் இந்த ஆபரேஷன். மயாமியில் 1970 வாக்கில் கூழை வெட்டி உறிஞ்சும் கருவியை உருவாக்கிய கண் மருத்துவர் ராபர்ட் மாக்கெமர், முதலில் முட்டையின் வெள்ளைக்கருவில் பழகிப் பார்த்தார். இன்றைய கருவி அரை மில்லிமீட்டர் கனம்தான்.

எனக்குப் பிடித்தது இந்த ஆபரேஷனின் முதல் நிமிடம். வழக்கமாக, எடுத்த கூழுக்கு ஈடாக ஒரு குழாய் வழியே உப்புநீர் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். துப்பறியும்போது அந்தக் குழாயைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் தண்ணீர் கலந்த பால் கதைதான். உறிஞ்ச உறிஞ்சக் கண் தளரும். ஒரு மில்லி தேறியதும் சட்டென்று திறப்பார்கள். அந்த ஒரு மில்லியில் மைக்ராஸ்கோப்புக்குக் கொஞ்சம், கல்ச்சருக்குக் கொஞ்சம், கொரோனா பழக்கிவிட்ட பிசிஆருக்குக் கொஞ்சம்.

இன்னொரு வினோதம். லிம்போமா என்ற புற்றுநோய் சில முதியவர்களுக்கு அழற்சி வேஷத்தில் வரும். (உங்கள் அம்மாவுக்கு அதுதான் என்று சொல்லவில்லை.) ஸ்டீராய்டு கொடுத்தால் அந்தச் செல்கள் மடிந்து, கண் கொஞ்ச நாள் தெளியும். எங்கள் தெருவில் திருட்டு நடந்த வீட்டில், போலீஸ் நாய் வருவதற்குள் பாட்டி வாசலைக் கூட்டிச் சாணம் தெளித்துவிட்டார். அதே கதை. இந்த லிம்போமா மூளையையும் பிடிக்கும் என்பதால் தடயம் அழிவது சின்ன விஷயமில்லை. அதனால்தான், சந்தேகம் இருந்தால், ஆபரேஷனுக்கு முன் ஸ்டீராய்டை நிறுத்திவைப்பார்கள். நிறுத்துவது டாக்டர் வேலை, நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நீங்களாக ஆரம்பிக்கவும் செய்யாதீர்கள். கண் சிவந்தால் மருந்துக்கடையில் "போன தடவை தந்த அதே சொட்டு" என்று கேட்கிறோம், கடைக்காரரும் சீட்டுக் கேட்காமல் தருகிறார். அது ஸ்டீராய்டாக இருந்தால், தடயம் போவதோடு கண் அழுத்தமும் ஏறலாம். இது எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

ஆபரேஷன் செய்தும் சில சமயம் விடை கிடைக்காது. பின்னால் கண்புரை வரலாம், அரிதாக விழித்திரை விலகலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போகும்போது, அம்மா இதுவரை போட்ட சொட்டு மருந்து பாட்டில்களை, காலியானவற்றையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துப்போங்கள்.