இடிமழைக் காலத்தில் கிராஸ் கன்ட்ரி பயிற்சி

கிராஸ் கன்ட்ரி என்பது மைதானத்தை விட்டுப் புல்வெளி, மண்பாதை, மேடுபள்ளங்களில் ஓடும் நெடுந்தொலைவு ஓட்டம். நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்திலுள்ள சேரங்கோட்டின் தேயிலைச் சரிவுகளில் இதற்கேற்ற ஏற்ற இறக்கம் தாராளம். வானிலையைத்தான் நம்ப முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பருவமழையில் மரம் சாயும், மண் சரியும். இம்மாவட்டத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது.

கோடையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், காலைப் பயிற்சியே ஏற்றது. ஒலி ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ 3 வினாடி ஆகும். மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 வினாடிக்குள் இருந்தால் மின்னல் 10 கி.மீ.க்குள் உள்ளது, உடனே கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே மீண்டும் ஓடலாம்.

பலரும் பொருட்படுத்தாதது குளிர். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கி.மீ. மலையோட்டத்தில், ஆலங்கட்டி மழையிலும் குளிர்காற்றிலும் சிக்கி 21 பேர் இறந்தனர். சேரங்கோட்டில் அத்தனை குளிர் இல்லை. ஆயினும் நனைந்த பனியனுடன் காற்றில் நிற்பவரின் உடல் வெப்பம் விரைவில் குறையும். நடுக்கமோ பேச்சுக் குழறலோ தெரிந்தால் ஓட்டத்தை நிறுத்தி, உலர்ந்த உடை மாற்றிப் போர்த்திவிட வேண்டும். மூடுபனியில் யானை நிற்பதும் தெரியாது என்பதால், இப்பகுதியில் மாணவரைத் தனியே ஓட விடக் கூடாது.