நிலைத்து நில்லாத நீலம்

கோழியின் இறகிலே நீலம் என்று தனியாக ஒரு சாயம் கிடையாது. கருமையைத் தருகிற அதே பொருள் நீர்த்துப்போன நிலையில், மழையில் நனைந்து காய்ந்த கற்பலகையைப் போன்ற ஒரு சாம்பல் சாயலாகக் கண்ணுக்குப் படுவதைத்தான், கோழி வளர்ப்போர் சற்றே தாராள மனத்துடன் நீலம் என்று வழங்குகிறார்கள்.

இந்த வர்ணத்துக்காகவே பிரசித்தி பெற்றது ஆண்டலூசியன் என்னும் ஜாதி. ஸ்பெயின் தேசத்துத் தென்பகுதியின் பெயரைத் தாங்கி, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவிலே இங்கிலாந்தை அடைந்து, அந்நாட்டு அபிமானிகளின் கைகளில் இன்றைய ரூபத்தைப் பெற்ற பட்சி அது. சிவந்த ஒற்றைக் கொண்டை சேவலுக்கு நிமிர்ந்து நிற்கும். பெட்டைக்கு ஒருபுறமாகச் சரிந்து விழும். காதுமடல் வெள்ளை, முட்டையும் வெள்ளை. ஆனால் கண்காட்சியில் நடுவர் குனிந்து பார்ப்பது இவற்றையல்ல. மார்பின் ஒவ்வோர் இறகையும் சுற்றி, புடவைக்குக் கரை கட்டினாற்போல் ஓடுகிற கருநீலக் கோட்டைத்தான்.

இத்தகைய சேவலொன்றையும் பெட்டையொன்றையும் தேடிச் சேர்த்து அடைவைத்தால், பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதிதான் நீலமாக வளரும். கால்பங்கு கறுப்பாகவும், மற்றக் கால்பங்கு அழுக்கு வெள்ளையில் நீலத் திட்டுகள் தெறித்தாற்போலவும் வளர்ந்து எஜமானரை விழிக்கவைக்கும். முன்னோரில் எங்கோ கலப்பு நேர்ந்திருக்க வேண்டும் என்று அக்கால வளர்ப்போர் முடிவுகட்டி, கறுப்பையும் வெள்ளையையும் கறிக்கு அனுப்பிவிட்டு, நீலத்தை மட்டும் நிறுத்திக்கொண்டு அடுத்த பருவத்துக்குக் காத்திருந்தார்கள். அடுத்த பருவத்திலும் அதே கதை. தலைமுறை தலைமுறையாகக் கழித்தும் அந்த விகிதம் அசையவில்லை.

மெண்டல் என்ற துறவி பட்டாணிச் செடியை ஆராய்ந்து 1866-இல் வெளியிட்ட கட்டுரை, முப்பத்துநான்கு ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து 1900-இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபோது, கேம்பிரிட்ஜில் வில்லியம் பேட்ஸன் அதில் கண்ட பரம்பரை விதி பிராணிகளுக்கும் பொருந்துமா என்று பார்க்கக் கோழிகளை எடுத்துக்கொண்டார். பின்னர் பன்னெட் என்பவரும் அவருடன் சேர்ந்தார். பரம்பரைக் கணக்குக்கு மாணவர்கள் இன்று போடும் கட்டம் இவர் பெயரால் வழங்குவதுதான். இந்த ஆராய்ச்சியில் வெளிப்பட்ட உண்மை, வளர்ப்போருக்கு உவப்பாக இருந்திருக்க முடியாது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகக் குஞ்சு பெறுகிற இரண்டு பங்குகளில், கருமையை நீர்க்கச் செய்யும் அம்சம் ஒன்றிலே மட்டும் இருந்தால் நீலம். இரண்டிலும் இருந்தால் திட்டு வெள்ளை. எதிலுமே இல்லாவிட்டால் கறுப்பு. ஆகவே கறுப்போடு கறுப்பும் வெள்ளையோடு வெள்ளையும் சேர்ந்தால் தத்தம் நிறத்தையே மாறாமல் ஈனும். கழித்துக் கட்டப்பட்ட அந்தக் கறுப்பையும் வெள்ளையையும் ஒன்றாகச் சேர்த்தாலோ, ஒரு குஞ்சு தப்பாமல் அத்தனையும் நீலம். சுத்த ஜாதி என்று போற்றப்பட்ட நீலமே கலப்பு. கறிச்சட்டிக்குப் போனவைதாம் இவ்விஷயத்தில் சுத்தமானவை! நம் பள்ளிப் பிள்ளைகள் அந்தி மந்தாரையின் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து இளஞ்சிவப்பு மலர்வதை வைத்து, முழுமையற்ற ஓங்குதன்மை என்று படிப்பதும் இதே விதியைத்தான்.

இவ்வளவு தெரிந்த பிறகும் கறுப்பையும் வெள்ளையையுமே ஜோடி சேர்த்து எல்லோரும் நிம்மதியடைந்துவிட்டார்களா என்றால், இல்லை. அதற்கு நியாயமும் உண்டு. இறகின் கரையை அமைப்பவை வேறு அம்சங்கள். முழுக்கக் கறுத்த உடம்பில் கருங்கரையை எப்படித் தேடுவது? பெற்றோரின் கரையைக் கண்ணால் கண்டு தேர்ந்தெடுக்க வேண்டுமானால் இருவரும் நீலமாகவே இருந்தாக வேண்டும். பாதிக் குஞ்சுகள் வீணாவது அதற்குக் கொடுக்கும் விலை. ஆனால் நீலத்தையே நீலத்தோடு விடாமல் சேர்த்துவந்தால் நிறம் வெளுத்து, கரை மங்குகிறது என்று கண்ட அனுபவசாலிகள், சில தலைமுறைக்கு ஒருமுறை நல்லதொரு கறுப்புப் பெட்டையைக் கொட்டிலுக்குள் விடுகிறார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆண்டலூசியனுக்கு வகுத்த இலட்சணத்தில் நீலத்துக்கு மட்டுமே இடம். ஆதலால் அந்தப் பெட்டை ஈன்ற நீலக் குஞ்சுகள் கண்காட்சிக்குப் புறப்படும் நாளில், அது வீட்டிலேயே தங்கித் தவிட்டைக் கொத்திக்கொண்டிருக்கும்.