மார்ட்டின்ஸ்வில் குறுந்தடப் பந்தயமும் நரேன் கார்த்திகேயனும்

குறுந்தடப் பந்தயம் என்பது ஒரு மைலுக்கும் (ஏறத்தாழ 1.6 கி.மீ.) குறைவான நீளமுடைய ஓவல் தடத்தில் ஸ்டாக் கார்கள் ஓடும் பந்தயம் ஆகும். அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு நடத்தும் தொடர்களில் மார்ட்டின்ஸ்வில், பிரிஸ்டல், ரிச்மண்ட் ஆகியவை பெயர்பெற்ற குறுந்தடங்கள். 2010 மார்ச் 27 அன்று மார்ட்டின்ஸ்வில் தடத்தில் நடந்த 'குரோகர் 250' பந்தயத்தில் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் கலந்துகொண்டு 13ஆவது இடம் பிடித்தார். நாஸ்கார் தேசியத் தொடர் ஒன்றில் பங்கேற்ற முதல் இந்திய ஓட்டுநர் அவரே.

ஓவல் பந்தயத்தை முதன்முதலாகப் பார்க்கும் நம்மவர்கள் 'செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்காங்க' என்று சொல்வதுண்டு. பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், அன்று கிடைத்த 13ஆம் இடத்தின் மதிப்பும் விளங்கும்.

தடம்

மார்ட்டின்ஸ்வில், வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள சிற்றூர். மக்கள்தொகையில் நம் கொடுமுடி பேரூராட்சியோடு ஒப்பிடலாம். எச். கிளே எர்ல்ஸ் என்பவர் 1947இல் இந்தத் தடத்தைத் திறந்தார். நாஸ்கார் தொடங்கப்பட்டது 1948இல்தான்; அமைப்பைவிடத் தடத்துக்கு ஒரு வயது அதிகம். முதலில் மண் தடமாக இருந்தது, 1955இல் தார் போடப்பட்டது. கனத்த கார்கள் வளைவுகளில் தாரைப் பெயர்த்துவிட்டதால் 1976இல் வளைவுகளுக்கு மட்டும் கான்கிரீட் போட்டனர். இன்றும் நேர்பகுதி தார், வளைவு கான்கிரீட்.

தடத்தின் நீளம் 0.526 மைல், அதாவது சுமார் 847 மீட்டர். மேலிருந்து பார்த்தால் காகிதங்களைச் செருகும் 'பேப்பர் கிளிப்' போல இருக்கும்: இரண்டு நீண்ட நேர்பகுதிகள், இரு முனையிலும் குறுகலான திருப்பங்கள். டேடோனா போன்ற பெரிய ஓவல்களில் வளைவின் வெளிப்புறம் 31 பாகை வரை உயர்ந்திருக்கும். அந்தச் சரிவு காரைத் தாங்கிப் பிடிப்பதால் வேகத்தை அதிகம் குறைக்காமலே திரும்பிவிடலாம். மார்ட்டின்ஸ்வில் வளைவுகளில் சரிவு வெறும் 12 பாகைதான். எனவே பிரேக் பிடித்தே ஆகவேண்டும். 250 சுற்று, சுற்றுக்கு இரண்டு முனை: மொத்தம் 500 முறை பலமாக பிரேக் பிடிக்க வேண்டும். இருட்டும் நேரத்தில் பார்த்தால் சக்கரத்தினுள் பிரேக் தட்டுகள் செந்தணலாய் ஒளிர்வது தெரியும். தொடக்கத்திலேயே பிரேக்கைச் சூடாக்கித் தீர்த்துவிட்டவருக்குக் கடைசிச் சுற்றுகளில் கார் நிற்காது.

250 சுற்றின் மொத்தத் தொலைவு சுமார் 211 கி.மீ. கொடுமுடியிலிருந்து கோயம்புத்தூருக்குப் போய்த் திரும்புவதற்குச் சற்றுக் குறைவு.

வண்டி

'ஸ்டாக்' என்றால் கடையில் விற்பனைக்கு இருப்பில் உள்ளது என்று பொருள். யாரும் வாங்கக்கூடிய காரைக் கொண்டுவந்து ஓட்டுவதுதான் தொடக்ககால வழக்கம். இப்போது பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது; எஃகுக் குழாய்க் கூண்டின் மேல் கடைக் காரின் சாயலில் ஒரு தகட்டு உடல் போர்த்தப்படுகிறது. நரேன் ஓட்டியது நாஸ்காரின் ட்ரக் தொடரில். ட்ரக் என்றதும் நாமக்கல் லாரி நினைவுக்கு வரும். இது அதுவன்று, பின்னால் திறந்த தட்டு கொண்ட பிக்-அப் வண்டியின் உருவம். எடை 1,500 கிலோவுக்கு மேல், எட்டு சிலிண்டர் இஞ்சின், நான்கு கியர்.

நரேன் 2005இல் ஓட்டிய பார்முலா 1 காரின் எடை ஓட்டுநரோடு சேர்த்து 600 கிலோ அளவுதான். அதன் சக்கரங்கள் வெளியே திறந்திருக்கும். பக்கத்து வண்டியின் சக்கரத்தோடு உரசினால் வண்டி மேலே தூக்கி எறியப்படலாம். அதனால் 'யாரையும் தொடாதே' என்பதுதான் அந்த ஓட்டுநருக்கு முதற்பாடம். குறுந்தடத்தில் நிலைமை தலைகீழ். சக்கரங்கள் தகட்டுக்குள் மூடியிருப்பதால் பின்னால் வருபவர் முன்னவரின் பம்பரில் இலேசாக முட்டி அவரை அரையடி வெளியே தள்ளுவார், திறந்த உள்வழியில் நுழைவார். அளவோடு தட்டினால் திறமை, அளவு மீறினால் சண்டை. தட்டுப்பட்டவர் ஐம்பது சுற்று கழித்து நினைவு வைத்துத் திருப்பிக் கொடுப்பதும் உண்டு.

நெருக்கடியின் கணக்கு

கொங்கு நாட்டு ரேக்ளாவில் 200 மீட்டர், 300 மீட்டர் நேர்த்தடத்தில் வண்டி கடிகாரத்தோடு போட்டியிடும். குறுந்தடத்தில் மற்ற வண்டிகளிடமிருந்து தப்பவே முடியாது. 2010 ட்ரக் பந்தயத்தில் புறப்படும் வண்டிகள் 36. அவற்றை 847 மீட்டரில் சமமாகப் பரப்பி நிறுத்தினாலும் ஒன்றுக்கு 24 மீட்டர்கூடக் கிடைக்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 20 விநாடி ஆகும். முன்னணி வண்டியைவிடச் சுற்றுக்கு அரை விநாடி மெதுவாக ஓட்டினால் 40 சுற்றில் அது நம்மைப் பிடித்து ஒரு சுற்று முந்திவிடும். நீண்ட தடத்தில் அரை விநாடி பெரிய குறையாகத் தெரியாது. இங்கே அது பந்தயத்தையே பறித்துவிடும். விபத்து நேர்ந்து மஞ்சள் கொடி காட்டப்படும்போது, ஒரு சுற்று பின்தங்கியவர்களில் முதலாவதாக இருப்பவருக்கு இழந்த சுற்று திருப்பித் தரப்படும். எனவே பின்தங்கியவர்களுக்குள்ளும் கடுமையான போட்டி நடக்கும்.

மஞ்சள் கொடிக்குப் பின் வண்டிகள் இரண்டிரண்டாக அணிவகுத்து மீண்டும் புறப்படும். உள்வரிசைக்காரருக்கு வழி குறுகியது, பிடிமானமும் அதிகம். வெளிவரிசையில் மாட்டிக்கொண்டவர், உள்ளே நுழைய இடைவெளி கிடைப்பதற்குள் ரயில் பெட்டிகள் கடப்பதுபோல ஏழெட்டு வண்டிகள் தம்மைக் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஓட்டுநரின் பார்வை குறுகியது என்பதால் உயரமான இடத்தில் நிற்கும் 'ஸ்பாட்டர்' ஒருவர், பக்கத்தில் வண்டி இருக்கிறதா இல்லையா என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருப்பார். பழகாதவருக்கு அந்த இடைவிடாத பேச்சே பெரும் தொல்லை.

கோவையிலிருந்து

1977இல் பிறந்த நரேன், கோயம்புத்தூர் ஸ்டேன்ஸ் பள்ளியில் படித்தவர். தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் ராலி ஓட்டுநர். கோவையின் எஸ். கரிவர்தன் குறைந்த செலவில் பந்தயக் கார்களை வடிவமைத்து 1980களில் இளைஞர்களுக்கு வழிதிறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் அமைந்ததே. பெயரில் ஸ்பீட்வே என்று இருந்தாலும் அது ஓவல் அன்று, இடமும் வலமும் வளைந்து செல்லும் தடம். நரேன் பழகியவை பெரும்பாலும் இவ்வகைத் தடங்கள், திறந்த சக்கர வண்டிகள். இடப்புறம் மட்டுமே திரும்பும் வித்தையை 33 வயதில் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

இவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 2005 அமெரிக்க கிராண்ட் பிரீயில் பெற்ற நான்காம் இடத்தைக் குறிப்பிடுவர். இண்டியனாபொலிஸில் நடந்த அந்தப் பந்தயத்தில் ஓவலின் சரிவான வளைவு ஒன்றை மிச்செலின் டயர்கள் தாங்காது என்று தெரிந்து, 14 கார்கள் தொடக்கத்திலேயே விலகின. ஓடியவை ஆறே கார்கள். பெற்ற ஐந்து புள்ளிகள் சாதனைப் பட்டியலில் இருப்பது சரியே. ஆனால் ஓட்டுத்திறனை அளக்க வேண்டுமென்றால், 36 வண்டிகளுக்கு நடுவே, அறியாத தடத்தில், முதல் ஸ்டாக் கார் பந்தயத்தில் பிடித்த 13ஆம் இடமே கனமானது. அன்று வென்றவர் கெவின் ஹார்விக். அத்தடத்தில் வெல்பவருக்குக் கோப்பைக்குப் பதிலாக ஆளுயர ஊசல் கடிகாரம் தருவது 1964 முதல் வழக்கம். அப்பகுதி மரச்சாமான் தொழிலுக்குப் பெயர்போனது.

அந்த ஆண்டு நரேன் ஒன்பது ட்ரக் பந்தயங்களில் ஓடினார். முதல் பத்து இடங்களுக்குள் ஒருமுறையும் வரவில்லை. ஆயினும் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் 'மிகப் பிரபலமான ஓட்டுநர்' விருது அவருக்குக் கிடைத்தது. பத்மஸ்ரீ பெற்றதும் 2010இல்தான். 2011இல் எச்ஆர்டி அணியில் பார்முலா 1-க்குத் திரும்பி, அக்டோபர் 30 அன்று கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயில் 17ஆவதாக வந்தார். ட்ரக் தொடருக்கு அவர் பிறகு திரும்பவில்லை.