பிள்ளை பகா எண்கள்: 3790360487 என்னும் எண்ணை முன்வைத்து

நன்னூலார் பதங்களைப் பகுபதம், பகாப்பதம் எனப் பிரிப்பர். எண்ணியலில் வழங்கும் ‘பகா எண்’ என்னும் கலைச்சொல்லிலும் அதே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமே நிற்கிறது. பகா எண்களுள் ஒரு வகை தமிழ்நாட்டுக் கணிதவியலாளர் ஒருவரின் பெயரால் அறியப்படுகிறது. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளையே அவர். 3790360487 என்னும் பத்திலக்கப் பகா எண் அவ்வகையில் அடங்குமாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

1 முதல் ந வரையுள்ள எண்களின் பெருக்கத்தை ந! எனக் குறிப்பர், இது காரணீயப் பெருக்கம் எனப்படும். ந!+1 என்பதை மீதியின்றி வகுக்கும் ஒவ்வொரு பகா எண்ணும், ந-ஆல் வகுக்கப்படும்போது 1 மீதி தருமா என்பது 1930இல் பிள்ளை எழுப்பிய வினா.

வினா காரணமின்றி எழுந்ததன்று. 5!+1 = 121 = 11×11; 11ஐ 5ஆல் வகுக்க மீதி 1. 6!+1 = 721 = 7×103; 7!+1 = 5041 = 71×71. இவையும் அவ்வாறே. 2 முதல் 7 வரை ஒரு விலக்கும் இல்லை. அங்கே நிறுத்தியவர் விதியொன்றைக் கண்டதாகவே கருதியிருப்பார். ஆனால் 8!+1 = 40321 = 61×661; இவ்விரண்டும் 8ஆல் வகுக்கப்படும்போது 5 மீதி தருகின்றன. இவ்வாறு விலகும் பகா எண்களே ‘பிள்ளை பகா எண்கள்’. எதிர்பார்ப்பை மீறிய எண்களுக்கே வினவியவர் பெயர் வாய்த்தது.

அவற்றுள் மிகச் சிறியது 23. 14!+1 இவ்வெண்ணால் வகுபடுவதைச் சர்வதமன் சௌலா சுட்டினார். பெரும்பெருக்கல் இன்றியே இதனைச் சரிபார்க்கலாம். வில்சன் தேற்றத்தின்படி 22!+1 என்பது 23ஆல் வகுபடும். 14! உடன் 15 முதல் 22 வரையுள்ள எட்டு எண்களைப் பெருக்கினால் 22! கிடைக்கும். 23ஆல் வகுக்கும் நோக்கில் அவ்வெட்டும் −8 முதல் −1 வரையுள்ள எண்களுக்கு நிகர். குறைக்குறிகள் இரட்டைப்படையாதலின் நீங்கிவிட, எஞ்சுவது 8!, அதாவது 40320. இது 23×1753+1, மீதி 1. ஆகவே 14!, 22! ஆகிய இரண்டும் ஒரே மீதியைத் தருவன, 14!+1 என்பதும் 23ஆல் வகுபடும். 23ஐ 14ஆல் வகுத்தாலோ மீதி 9.

14!+1 = 87178291201 = 23×3790360487. இப்பெருக்கத்தின் மற்றொரு காரணியே நாம் எடுத்துக்கொண்ட எண். 14!+1ஐ 14ஆல் வகுத்தால் 1 எஞ்ச வேண்டும். 23 தரும் மீதி 9 ஆதலின், அதன் இணைக்காரணி 1 மீதி தர இயலாது. அது தரும் மீதி 11; 9×11 = 99 = 14×7+1. ஒரு காரணி விதியை மீறின் துணையும் மீறியே தீரும் என்பதால், 23இன் விலகலே இப்பத்திலக்க எண்ணையும் பிள்ளை பகா எண்ணாக்குகிறது.

இத்தகைய எண்கள் முடிவிலியாக உள்ளன என்பதற்கான நிறுவல், ஜி. இ. ஹார்டியும் எம். வி. சுப்பாராவும் 2002இல் வெளியிட்ட கட்டுரையில் உள்ளது. (இவர் இராமானுஜனை ஆதரித்த ஹார்டி அல்லர்.) பிள்ளை அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1950 ஆகஸ்டு 31 அன்று, அமெரிக்காவுக்குச் செல்லும் வழியில் கெய்ரோ அருகே நிகழ்ந்த விமான விபத்தில் மறைந்தார்.