விரல் அறியும் மூச்சு

அண்ணப்பிளவைத் தைப்பதற்காக அன்று காலை தியேட்டருக்குப் போகவிருக்கும் குழந்தை பசியில் வீறிட்டு அழுகிறது. "ஒரு வாய் பால் கொடுத்தா என்னம்மா?" என்று நர்சிடம் கெஞ்சாத பாட்டி கிடையாது. மயக்கத்தில் இருமவும் விழுங்கவும் உடம்பு மறந்துவிடும். வயிற்றிலிருந்து எதுக்களிக்கும் பால் நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதனால் பசும்பாலோ பவுடர் பாலோ கொடுத்து 6 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். தாய்ப்பால் என்றால் 4. தண்ணீரை 2 மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம். பல மருத்துவமனைகள் இதை 1 மணி நேரமாகவே குறைத்துவிட்டன. தேவைக்கு மேல் பட்டினி போடுவதும் குழந்தையை வாட்டும். தெரியாமல் ஊட்டியிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நாலு நாளாகச் சளி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மயக்கத்தில் குழந்தையின் மூச்சைப் பார்த்துக்கொள்வது அடுத்த கவலை. எடைக்கு எடை பார்த்தால், கைக்குழந்தை பெரியவர்களைப் போல இரு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. நுரையீரலில் இருப்பு வைத்திருப்பதோ கொஞ்சம். பெரியவர்களுக்கான மயக்கக் கருவியின் வால்வுகளைத் தள்ளித் திறந்து மூச்சுவிட அதற்குத் தெம்பும் போதாது. இங்கிலாந்தின் நியூகாசிலில் மயக்க மருத்துவராக இருந்த ஃபிலிப் அயர், உதட்டுப்பிளவும் அண்ணப்பிளவுமாகப் பிறந்தவர். பிளவோடு பிறந்த குழந்தைகளின் அறுவை சிகிச்சைக்கு, வால்வே இல்லாத 'டி' எழுத்து வடிவக் குழாயை அவர் 1937-இல் அறிமுகப்படுத்தினார். 1950-இல் லிவர்பூல் மருத்துவர் ஜாக்சன் ரீஸ், அதன் நுனியில் வால் திறந்த சிறு பையைப் பொருத்தினார். நம் மருத்துவமனைகளில் 'ஜே.ஆர். சர்க்யூட்' என்பது இதுதான். மருத்துவர் பையின் வாலைச் சுண்டுவிரலால் பாதி அடைத்து, மற்ற விரல்களால் மெல்ல அமுக்குகிறார். நெஞ்சு ஏறி இறங்குகிறது. தொண்டைக்குள் செருகிய குழாயில் சளி அடைத்தாலோ நுரையீரல் இறுகினாலோ பை கனக்கும். விரல் அதை உடனே உணர்ந்துவிடும். எத்தனை மானிட்டர்கள் வந்தாலும் அந்தக் கைப்பழக்கத்துக்கு ஈடில்லை என்றே நினைக்கிறேன்.

தையல் முடிந்து, குழந்தை தானாக மூச்சுவிடத் தொடங்கிய பிறகுதான் தொண்டைக்குள் இருக்கும் குழாயை எடுப்பார்கள். வாயில் கசியும் ரத்தம் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் வெளியே வடிய, ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். விழிக்கும்போது சில குழந்தைகள் அம்மாவையே அடையாளம் தெரியாமல் திமிறி அழும். செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுக்களுக்குப் பின் இது சகஜம். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தெளிந்துவிடும். ஆனால் வலியாகவும் இருக்கலாம். அதனால் முகச்சுளிப்பு, கால் உதறல், அழுகை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, அதற்கேற்ப வலி மருந்து கொடுக்கிறார்கள். அம்மாவை உள்ளே கூப்பிடுவதும் அந்நேரம்தான். விரலில் மாட்டிய ஆக்சிஜன் கிளிப் கழன்றுவிடாமல், மெதுவாக மடிக்கு மாற்றுகிறார்கள்.